விசாரிக்காமல் தண்டிக்கலாமா?

சித்திரகூடத்தில் மரவுரி தரித்து, சடைமுடியுடன் வந்து விழுந்த பரதனை ஸ்ரீராமர் வாரியெடுத்து மடியில் அமர்த்திக்கொள்கிறார். அதன் பிறகு அவர் தம்பியிடம் கேட்கும் கேள்விகள், வால்மீகி ராமாயணம் அயோத்தியா காண்டத்தில் ஒரு ஸர்க்கம் முழுவதையும் நிறைத்து நிற்கின்றன. தந்தையார் நலமா, தாயார் நலமா என்று தொடங்கும் அந்தக் கேள்விகள் விரைவிலேயே ஆட்சி நிர்வாகத்தின் பக்கம் திரும்பிவிடுகின்றன.

சேனையில் இருப்பவர்களுக்கு உணவும் ஊதியமும் உரிய நாளில் கிடைக்கின்றனவா என்று ஸ்ரீராமர் விசாரிக்கிறார். ஊதியம் தாமதமானால் ஊழியர் எஜமானன் மீது சினம் கொள்வர், அதனால் பெருங்கேடு விளையும் என்றும் எச்சரிக்கிறார். நேர்மையான ஒருவர் மீது திருட்டுப் பழி சுமத்தப்பட்டால், நீதி அறிந்தவர்கள் அவரைக் கேட்டு ஆராயாமலேயே, யாருடைய பேராசையாலோ அவர் தண்டிக்கப்படுகிறாரா என்று வினவுகிறார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பணத்தின் பலத்தால் விடுவிக்கப்படுகிறானா என்பது அடுத்த கேள்வி. செல்வருக்கும் ஏழைக்கும் வழக்கு வந்தால் அமைச்சர்கள் நடுநிலையில் நின்று பார்க்கிறார்களா என்பது அதற்கடுத்தது. பொய்யாகப் பழி சுமத்தப்பட்டவர்கள் சிந்தும் கண்ணீர் ஆள்பவனின் குலத்தையே அழிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மேலே செல்கிறார்.

உபன்யாசங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் விரைவாகக் கடந்து செல்லப்படுகிறது. பாதுகையைத் தலையில் தாங்கிப் பரதன் திரும்பும் உருக்கமான கட்டத்தை எதிர்நோக்கியிருக்கும் சபைக்குச் சம்பளப் பட்டுவாடாவைப் பற்றிய பேச்சு அவ்வளவாகச் சுவைப்பதில்லை போலும். ஆனால் அன்று ஓர் அரசனிடம் கேட்கப்பட்ட அதே கேள்விகள் இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் ஒரு மேஜையின் முன் வந்து நிற்கின்றன. அது மனிதவள அதிகாரியின் மேஜை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது, ஊதியத்தை நிர்ணயிப்பது, புகார் வந்தால் குறிப்பாணை தயாரிப்பது, விசாரணைக்கு ஏற்பாடு செய்வது, இறுதியில் பதவிநீக்க ஆணையைக் கையில் கொடுப்பது ஆகிய அனைத்தும் அந்த மேஜையைக் கடந்தே செல்கின்றன. அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். அவரை நம்பி வந்து நிற்பது ஊழியர். வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் ஒரு தரப்பு மட்டுமே. நீதிபதிக்கு எந்தத் தரப்பும் சம்பளம் தருவதில்லை. இவருக்கோ இரு தரப்பும் உண்டு; ஊதியம் மட்டும் ஒரு தரப்பிலிருந்து வருகிறது. இத்தொழிலின் ஒழுக்கச் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு முடிச்சிலிருந்தே கிளைக்கின்றன.

ஜாபரின் இடத்தில் ஓர் அதிகாரி

இந்தத் தொழில் இந்தியாவில் தோன்றிய விதமே அதன் கடமையைச் சொல்லிவிடும்.

ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ‘ஜாபர்’ என்றும், கல்கத்தா சணல் ஆலைகளில் ‘சர்தார்’ என்றும், தென்னாட்டில் ‘மேஸ்திரி’ என்றும் அழைக்கப்பட்ட ஒருவர் இருந்தார். ஆள் சேர்ப்பவர் அவரே, வேலை வாங்குபவர் அவரே, வெளியே அனுப்புபவரும் அவரே. வேலை கிடைப்பதற்கு அவருக்குத் ‘தஸ்தூரி’ கொடுக்க வேண்டும். கிடைத்த வேலை நிலைப்பதற்கும் கொடுக்க வேண்டும். நோய்வாய்ப்பட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய இடத்தைப் பெறுவதற்கு மறுபடியும் கொடுக்க வேண்டும். தொழிலாளியின் மொழி அறியாத மேலாளருக்கு இந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது. யாருடைய பெயரையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

திருவள்ளுவர் ஆளை ஆராய்ந்து தேர்வதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரத்தையும், தேர்ந்தவரைத் தக்க பணியில் நிறுத்துவதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று அதற்கடுத்த அதிகாரத்தையும் வகுத்தார். ஜாபரின் கையில் இவ்விரண்டும் ஒரே பேரமாகச் சுருங்கிப் போயின.

1929-ஆம் ஆண்டு விட்லி என்பவர் தலைமையில் நியமிக்கப்பட்ட தொழிலாளர் அரச ஆணையம் 1931-இல் தன் அறிக்கையை அளித்தது. ஆள் சேர்க்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் ஜாபரிடமிருந்து எடுத்துவிட்டு, அதற்கென்று தனியாக ஒரு தொழிலாளர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அந்த அதிகாரி ஆலையின் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். போதிய காரணமின்றி எவரும் வேலையிலிருந்து நீக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமை. அவரிடம் இருக்க வேண்டிய தகுதிகளை ஆணையம் வரிசைப்படுத்தியபோது முதலிடத்தை நேர்மைக்குத்தான் கொடுத்தது. மனிதர்களைப் புரிந்துகொள்ளும் திறனும், தொழிலாளர் பேசும் மொழியறிவும் அந்த வரிசையில் இடம்பெற்றன.

ஆக, இந்தப் பதவி நிர்வாகத்தின் வசதிக்காக மட்டும் உண்டானதன்று. லஞ்சம் கொடுக்காமல் ஒருவர் வேலையில் சேர வேண்டும், காரணம் சொல்லாமல் ஒருவர் வெளியே தள்ளப்படக் கூடாது என்பதற்காகவே அது பரிந்துரைக்கப்பட்டது.

பின்னர் 1936-இல் பம்பாயில் தொடங்கப்பட்டு இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று அறியப்படும் கல்விக்கூடமும், 1949-இல் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையினர் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ கல்லூரியும் இதற்கான பயிற்சியை அளித்தன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கல்கத்தாவில் 1948-இலும் பம்பாயில் 1950-இலும் தோன்றிய இரு சங்கங்கள் 1980-இல் இணைந்து தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம் ஆயின. அதன் உறுப்பினர்களுக்கென்று ஒரு நெறித்தொகுப்பும் உண்டு.

நெறித்தொகுப்பு எழுதுவது கடினமான காரியமன்று. அதை மீறுபவரை யார் கேட்பது என்பதுதான் கடினம்.

கோலாரில் நடந்தது

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல். அங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் ஒருவர் பாதுகாப்பு அதிகாரியாகப் பணிபுரிந்து வந்தார். 1985-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் காவல்துறையினர் அவருடைய வீட்டைச் சோதனையிட்டனர். நான்கரை கிராம் எடையுள்ள தங்க உருண்டை ஒன்றும், தங்கத் துகள் கலந்த மணல் 1,276 கிராமும் அங்கே கிடைத்ததாக வழக்குப் பதிவாயிற்று. மறுநாளே அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். குற்றவியல் வழக்கு ஒருபுறமும், அதே குற்றச்சாட்டின் மீது நிறுவனத்தின் துறை விசாரணை மறுபுறமும் தொடங்கின.

வேலையில்லாத நிலையில் அவர் கேரளத்தில் உள்ள சொந்த ஊருக்குச் சென்றார். பணிநீக்கக் காலத்தில் உயிர்வாழ்வதற்கென்று தரப்பட வேண்டிய பிழைப்பூதியம் அவருக்குத் தரப்படவில்லை. குற்றவியல் வழக்கு முடியும் வரை துறை விசாரணையை ஒத்திவைக்குமாறு அவர் வேண்டினார். அது மறுக்கப்பட்டது. உடல்நலமில்லை, பயணத்துக்குப் பணமும் இல்லை என்று எழுதினார். அதுவும் ஏற்கப்படவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை நடந்து முடிந்து, குற்றம் நிரூபிக்கப்பட்டதாக அறிக்கை வந்தது. 1986 ஜூன் மாதம் அவர் பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

எட்டு மாதங்கள் கழித்து, 1987 பிப்ரவரியில், குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருடைய வீட்டிலிருந்து அந்தப் பொருள்கள் கைப்பற்றப்பட்டன என்பதையே அரசுத் தரப்பால் நிலைநாட்ட முடியவில்லை. அந்தத் தீர்ப்புடன் அவர் நிறுவனத்தை அணுகினார். பதவிநீக்கம் பதவிநீக்கம்தான் என்று பதில் வந்தது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. கடைசியில் 1999-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும், தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்ட நாளிலிருந்து முழுச் சம்பளத்தையும் படிகளையும் கொடுக்கவும் ஆணையிட்டது. இடையில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஓடிவிட்டன.

குற்றவியல் நீதிமன்றம் ஒருவரை விடுவித்தால் துறை நடவடிக்கை தானாகவே விழுந்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டிற்கும் வேண்டிய நிரூபண அளவு வேறு. கோலாரின் வழக்கில் இரண்டு இடங்களிலும் அதே நிகழ்ச்சி, அதே சாட்சியம். ஆகவே ஓரிடத்தில் நம்பப்படாதது இன்னோரிடத்தில் மட்டும் நிற்பது நியாயமாகாது என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் மனிதவளத் துறையில் இருப்பவர்கள் உற்று நோக்க வேண்டிய பகுதி பிழைப்பூதியத்தைப் பற்றியது. அதைக் கொடுக்காமல் நிறுத்துவதை உச்ச நீதிமன்றம் மெல்லக் கொல்லும் நஞ்சுக்கு ஒப்பிட்டது. வேலையில் சேர்ந்துவிட்டதனால் ஒருவர் மனிதருக்குரிய அடிப்படை உரிமைகளை அடகு வைத்துவிடுவதில்லை என்றும் கூறியது. பயணத்துக்குக் காசில்லாமல் செய்துவிட்டு, விசாரணைக்கு வரவில்லை என்று குறித்துக்கொள்வதை விசாரணை என்று சொல்ல முடியாது.

சுரங்கத்திலிருந்து தங்கம் களவு போவது நிர்வாகத்துக்குக் கவலை தரும் விஷயமே. சந்தேகத்துக்கு ஆளானவரைப் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்ததில் தவறு காண முடியாது. தவறு அதற்கடுத்த படியில், கணக்குப் பிரிவிலிருந்து மாதந்தோறும் போயிருக்க வேண்டிய ஒரு சிறு தொகையில் இருந்தது. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மனம் பெரிய ஊழல்களையே தேடுகிறது. இங்கே ஒரு மனிதரின் 14 ஆண்டுகள், அனுப்பாமல் விடப்பட்ட ஒரு தொகையோடு பின்னிக் கிடந்தன.

பெயரை நீக்கும் அதிகாரம்

தீர்ப்பு நிறுவனத்தின் பெயரில் எழுதப்படுகிறது. நிறுவனத்துக்குக் கை கிடையாது. கையெழுத்து யாரோ ஒரு மனிதருடையது. இத்தகைய வழக்குகளில் அந்த மனிதரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

மருத்துவர் தவறிழைத்தால் மாநில மருத்துவ மன்றம் அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். வழக்கறிஞர் தவறிழைத்தால் 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்கறிஞர் மன்றம் அவரை விசாரிக்க முடியும். பட்டயக் கணக்காளர்களுக்கு 1949 முதலே அப்படியொரு சட்டம் உண்டு. இந்தியாவில் மனிதவள அதிகாரியாகப் பணிபுரிய எந்தப் பதிவும் தேவையில்லை. ஆகவே நீக்குவதற்குப் பதிவேடும் இல்லை. சங்கம் ஓர் உறுப்பினரை விலக்கினாலும் மறுநாள் காலையில் அவர் அதே நாற்காலியில் போய் அமரலாம்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். அங்குள்ள மனிதவள வல்லுநர் சங்கத்துக்கு 2013-இல் நிறைவேறிய ஒரு சட்டம் ஒழுங்குமுறை அதிகாரத்தை அளித்தது. எவரும் ஓர் உறுப்பினர் மீது புகார் கொடுக்கலாம். அதை ஆராயப் புகார்க் குழுவும், விசாரித்துத் தண்டிக்க ஒழுங்குக் குழுவும் இருக்கின்றன. பட்டத்தைப் பறிக்கவும் செய்யலாம். இங்கிலாந்திலும், 1913-இல் யார்க் நகரில் ஒரு சிறு நல ஊழியர் கூட்டமாகத் தொடங்கி 2000-இல் அரச சாசனம் பெற்ற பணியாளர் மேம்பாட்டு நிறுவனம், தன் உறுப்பினர் மீதான புகார்களை விசாரிக்கிறது.

இதுபோன்ற ஏற்பாடு இங்கும் வருவது நல்லதே. எனினும் பதிவேடு மட்டும் போதுமா என்பது ஐயத்துக்குரியது. மருத்துவர் ஒரு சிகிச்சையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னாலும் அவருடைய மருத்துவம் தொடரும். மனிதவள அதிகாரி ஓர் ஆணையில் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னால் அடுத்த ஆணை அவர் பெயருக்கே வரக்கூடும். விதியை மீறினால் தண்டனை என்று மட்டும் வைத்து, விதிப்படி நின்றவருக்குக் காவல் வைக்காவிட்டால், மேலிருந்தும் கீழிருந்தும் நசுக்கப்படுபவர் அந்த ஒருவரே.

இதைச் சட்டம் செய்தவர்கள் ஓரளவு உணர்ந்திருந்தார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் பல மாநிலங்கள் வகுத்த விதிகளில் நல அதிகாரி தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளைக் கையாளக் கூடாது, தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் நீதிமன்றத்திலோ சமரச அதிகாரி முன்போ தோன்றக் கூடாது என்று இருந்தது. அவரை நீக்குவதும் எளிதாக இல்லை. பஞ்சாபில் அசோசியேட்டட் சிமெண்ட் நிறுவனம் தன் நல அதிகாரி ஒருவரைப் பணியிலிருந்து விலக்கியபோது, அவர் மாநில விதிகளின்படி அரசிடம் முறையிட்டார். அரசு அவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு ஆணையிட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய முறையீட்டை விசாரிக்கும்போது மாநில அரசு ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்று 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதாவது, நல அதிகாரியின் வேலை முதலாளியின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அதை நடுநிலையில் நின்று பார்க்க இன்னோர் இடம் உண்டு.

ஆனால் நடைமுறை வேறு வழியில் சென்றது. பல ஆலைகளில் அரசுக்கு அனுப்பும் படிவத்தில் ‘நல அதிகாரி’ என்றும், அறைக்கதவின் பலகையில் ‘பணியாளர் மேலாளர்’ என்றும் ஒருவரே இரண்டு பெயர்களுடன் வாழ்ந்தார். காலையில் உணவகத்தைப் பார்வையிட்டுத் தொழிலாளரின் குறை கேட்டவர், மாலையில் அதே தொழிலாளருக்குக் குற்றக் குறிப்பாணை எழுதினார். விதி காகிதத்தில் காப்பாற்றப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தச் சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளன. நல அதிகாரி தேவைப்படும் தொழிற்சாலையின் அளவு 500 தொழிலாளரிலிருந்து 250 ஆகக் குறைந்திருப்பது வரவேற்கத்தக்கது. மறுபக்கம், எழுத்திலான நிலையாணைகள் கட்டாயமாகும் எல்லை, பழைய மத்தியச் சட்டத்தில் இருந்த 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. தற்காலிகப் பணிநீக்கத்தில் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியமும், ஊழியரால் அன்றி விசாரணை நீண்டால் அதன் பிறகு முக்கால் பங்கும் தர வேண்டும், விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதிகள் இந்த நிலையாணைப் பகுதியில்தான் இடம்பெற்றுள்ளன. ஆகவே 300-க்கும் குறைவான தொழிலாளர் உள்ள இடத்தில் இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி, அங்கே மேஜையில் அமர்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்ததாகிறது.

நாளைக் காலை பத்து மணி

2017 ஜூலையில் ஒரு தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு நாடெங்கும் பரவியது. ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர் ஓர் ஊழியரிடம், மறுநாள் காலை பத்து மணிக்குள் தாமாகவே ராஜினாமா செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று கூறுகிறார். ஊழியர் கெஞ்சுகிறார். செலவுக் குறைப்புக்கான முடிவு என்று பதில் வருகிறது. பதிவு வெளியானதும் அந்த நிறுவனக் குழுமத்தின் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

கேட்டவர்களின் கோபம் முழுவதும் அந்த ஒரு குரலின் மீது பாய்ந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தவர்களின் குரலை யாரும் கேட்கவில்லை. இது அந்த அதிகாரியைக் குற்றமற்றவராக்கிவிடாது. ராஜினாமா என்பது ஒருவர் தம் விருப்பத்தால் எழுதுவது. நிர்ப்பந்தத்தால் எழுதப்பட்டதை ராஜினாமா என்று பதிவேட்டில் குறித்தால் அது பொய்க் குறிப்பு. குறித்தவர் பொய் எழுதியவர். ஆட்குறைப்பு அவசியமாக இருந்தால் அதற்கு உரிய பெயர், உரிய அறிவிப்புக் காலம், உரிய இழப்பீடு ஆகியவை இருக்கின்றன. சுமை முழுவதையும் ஊழியரின் கையெழுத்தின் மீதே ஏற்றிவிடுவது சிக்கனமாகத் தோன்றலாம். அந்தச் சிக்கனத்தின் விலையை அவருடைய குடும்பம் கொடுக்கிறது.

‘மேலிடத்து உத்தரவு, நான் வெறும் கருவி’ என்று இத்தொழிலில் உள்ள பலர் சொல்லிக்கொள்கிறார்கள். கருவி என்ற சொல் நம் நாட்டில் பெருமைக்குரியது. ஆனால் பகவத்கீதையில் அர்ஜுனனைக் கருவியாக இருக்கச் சொல்வதற்கு முன் அவனுடைய கேள்விகள் பல கேட்கப்பட்டன. பதினெட்டாம் அத்தியாயத்தில் எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்து விரும்பியபடி செய் என்று முடிவு அவனிடமே விடப்பட்டது. ஆராயாமல் கையெழுத்திடுபவர் அந்தச் சொல்லைத் தமக்குக் கேடயமாகப் பிடித்துக்கொள்வது பொருந்தாது.

சொல்லாமல் காப்பது, சொல்லிக் காப்பது

பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்கள், ரகசியம் காப்பதற்கும் உண்மையை மறைப்பதற்கும் உள்ள வேற்றுமையை இத்துறைக்குக் கற்பித்துள்ளன. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் அதற்கெனச் சட்டம் வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள் குழு அமைய வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரையோ விசாரணை விவரங்களையோ வெளியிடக் கூடாது.

இந்தச் சட்டத்தை நிறைவேற்றுவதில் உள்ள குறைகளை 2023 மே மாதத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் வருத்தத்துடன் சுட்டிக்காட்டியது. பல இடங்களில் குழு என்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாள் மட்டுமே. விசாரணையின் ரகசியத்தைக் காக்க வேண்டிய அதிகாரி, புகாரே வராததுபோல் அமுக்கிவிட்டு அதையும் ரகசியம் என்று அழைக்கிறார். வெளியிலிருந்து வரும் உறுப்பினரை அச்சட்டம் வலியுறுத்தியதன் நோக்கம் இதைத் தடுப்பதே. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் மேஜையின் ஒரு பக்கம் அமர்ந்திருந்தால், அமுக்குவதற்கு எளிதில் கை வராது. ஒழுக்கம் காக்கும் எந்த அமைப்பிலும் இப்படியொரு வெளியாள் இருப்பது பயன் தரும். திருட்டு, கையாடல் போன்ற விசாரணைகளிலும் வெளி அதிகாரியை நியமிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

சட்டமும் சங்கமும் வெளியாளும் எட்டாத இடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேலாளர் அறைக்கு அழைத்து, ‘அந்த ஆளுக்குப் போன மாதத் தேதியிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்துவிடுங்கள்’ என்று சொல்லும் நேரம் அது. சாட்சி எவரும் இல்லை. அனுபவமிக்க அதிகாரிகள் இதற்குக் கையாளும் முறை எளியது. மறுத்துச் சண்டையிடுவதில்லை. ‘எழுத்தில் கொடுத்துவிடுங்கள், செய்துவிடுகிறேன்’ என்கிறார்கள். முன்தேதியிட்டுக் கடிதம் தயாரிக்கச் சொல்லும் உத்தரவை எவரும் எழுத்தில் கொடுப்பதில்லை. பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால், அன்றைய தேதியிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கோப்பில் வைக்கிறார்கள். தாமே சாட்சியாக உள்ள விஷயத்தில் விசாரணை அதிகாரியாக அமர மறுக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பு ஆவணங்களைக் கேட்டால் பட்டியலிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். அவருக்குத் துணையாகப் பேச ஒரு சக ஊழியரை அனுமதிக்கிறார்கள். இத்தகையவர் சில இடங்களில் பதவி உயர்வை இழந்திருக்கலாம். சில இடங்களில் அவர் எழுதிய கோப்பு ஒன்றுதான் பின்னாளில் நீதிமன்றத்தில் நிர்வாகத்தைக் காப்பாற்றியிருக்கும்.

கோலாரின் சுரங்க நிறுவனம் 2001-இல் மூடப்பட்டது. அந்தத் தீர்ப்பு மட்டும் இன்றும் துறை விசாரணைகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. அதைப் படித்த ஒரு மனிதவள அதிகாரி, தற்காலிகப் பணிநீக்க ஆணை தம் மேஜைக்கு வரும்போது, குற்றச்சாட்டு என்ன என்று பார்ப்பதற்கு முன் கணக்குப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்புவார்: முதல் மாதப் பிழைப்பூதியம் எந்தத் தேதியில், எந்த முகவரிக்குப் போகிறது?